தோள் வலியா? முதலில் எக்ஸ்ரே

கை தூக்க வரவில்லை என்றதும் ‘சர்க்கரையால் தோள் இறுகிவிட்டது’ என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மூட்டுத் தேய்மானத்திலும் இதே இறுக்கம் வரும். பிறர் திருப்பிவிட்டாலும் கை முழுதாகத் திரும்பாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சாதாரண எக்ஸ்ரேதான். தேய்மானம் என்றால் எலும்புகளுக்கிடையே இடைவெளி குறுகியிருக்கும். இறுகிய தோளில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் டிஸ்பென்சரியிலேயே தொடங்கலாம்.

தேய்மானம் முற்றித் தோள் மூட்டை அறுவையில் மாற்றினால், அதன்பின் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஸ்லிங். விரலையும் மணிக்கட்டையும் அசைத்துக்கொண்டே இருங்கள். மல்லாந்து படுக்கும்போது முழங்கைக்கு அடியில் சின்னத் தலையணை. சட்டைக்குள் முதலில் அறுவை செய்த கை நுழையட்டும். கழற்றும்போது அது கடைசி. அந்தக் கையை ஊன்றி நாற்காலியிலிருந்து எழாதீர்கள், முதுகுப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள்: பெண்களுக்கு முன்கொக்கி ரவிக்கை, ஆண்களுக்குப் பர்ஸ் முன்பையில். பூந்தமல்லி பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கவே வேண்டாம். இருக்கை கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அறுவைக்குப் பிந்தைய பிசியோதெரபிப் பயிற்சியை நடுவில் விட்டால் கை மீண்டும் இறுகும். போக முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்: 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. காய்ச்சலோ தையலில் சீழோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.