பாலியெஸ்டர் நூலும் பாக்டீரியாவும்

நம் தறிகளில் இன்று பருத்தியோடு பாலியெஸ்டரும் இடம்பெற்றுவிட்டது. 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், துணிகளுக்கு அச்சிடும் ஒரு பெரும் நிறுவனத்தில் பணியாற்றிய வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். டெரிலின் என்ற பெயரில் அது அங்காடிக்கு வந்தது. தண்ணீர்ப் புட்டிகள் செய்யப்படுவதும் இதே பொருளினால்தான்.

துணியைத் துவைக்கும்பொழுது நுண்ணிய இழைகள் உதிர்கின்றன. பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016-இல் துவைப்பு இயந்திரத்தைக் கொண்டு இதனைக் கணக்கிட்டனர். ஆறு கிலோ பாலியெஸ்டர் துணியை ஒருமுறை துவைத்தால் ஏறத்தாழ 4,96,000 இழைகளும், பருத்தி கலந்த துணியாயின் ஏறத்தாழ 1,38,000 இழைகளும் உதிரக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. சாக்கடையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் அவை செல்கின்றன. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த இத்தகைய துகள்களையே நுண்பிளாஸ்டிக் என்பர். மீனும் சிப்பியும் இவற்றை இரையோடு விழுங்குகின்றன. பருத்தி இழையும் உதிரவே செய்கிறது. ஆயினும் அது மட்கும்.

ஒன்று மட்குவதும் மற்றொன்று மட்காமலிருப்பதும் எதனால்? தென்னை மிகுந்த ஊர்களில் தேங்காய் மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறவைப்பதை அங்கத்தினர் பலர் அறிவர். நாரைப் பிணைத்திருக்கும் பசைப்பொருளை நீரிலுள்ள பாக்டீரியாக்கள் தின்றுவிட, நார் தனியே பிரிகிறது. பாக்டீரியாவுக்கு வாயுமில்லை, பல்லுமில்லை. நொதி என்னும் பொருளைச் சுரந்து, உணவை வெளியிலேயே சிறு கூறுகளாக வெட்டி, அதன் பின்னரே உட்கொள்ளும். ஒரு பூட்டின் திறவுகோல் மற்றொரு பூட்டைத் திறவாதது போல, ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பிணைப்பையே வெட்டும். பருத்தியின் செல்லுலோஸை வெட்டும் நொதிகள் மிகப் பழைமையானவை. பிளாஸ்டிக்கோ நேற்று வந்த பொருள்.

இந்நிலையில், 2016-இல் ஜப்பானிய அறிஞர்கள் வெளியிட்ட செய்தி உலகின் கவனத்தை ஈர்த்தது. சாக்காய் நகரில் பழைய புட்டிகளை மறுசுழற்சி செய்யும் இடத்தில், அப்புட்டிப் பொருளையே உணவாக உண்டு வாழும் ஒரு பாக்டீரியாவை அவர்கள் கண்டனர். ஐடியோனெல்லா சாக்காயென்சிஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். அது இரண்டு நொதிகளைக் கொண்டது. முதல் நொதி நீண்ட சங்கிலியைத் துண்டாக்க, இரண்டாவது அத்துண்டுகளை மூலப்பொருள்களாகவே பிரித்துவிடுகிறது. நெய்த துணியை நூலாக்கி, நூலையும் பஞ்சாக்கியதற்கு இது ஒப்பாகும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு மெல்லிய தாளை அது ஆறு வாரங்களில் ஏறக்குறைய முழுதும் சிதைத்தது.

ஆனால் அந்தத் தாள் தளர்ந்த கட்டமைப்புடையது. நெசவு நூலோ இழுத்து நீட்டப்பட்டது. அதன் சங்கிலிகள் நெருக்கமாக அடுங்கி நிற்பதால் நொதி எளிதில் நுழைய இயலாது. மேலும் இப்பாக்டீரியா தரையைச் சேர்ந்தது. பாலியெஸ்டர் இழை கடல்நீரினும் கனமாதலால், காலப்போக்கில் குளிர்ந்த இருண்ட அடிமட்டத்தை நோக்கி இறங்குகிறது.

கடலில் மிதக்கும் பாலித்தீனைப் பற்றிய ஆராய்ச்சி நெதர்லாந்தில் நடைபெற்றது. ரோடோகாக்கஸ் ரூபர் என்னும் பாக்டீரியாவை அந்நாட்டுக் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் செயற்கைக் கடல்நீரில் வளர்த்து, புறஊதாக் கதிர் பட்ட பாலித்தீனை உணவாக அளித்தனர். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் கரியமிலவாயுவாக மாறுகிறது என 2023-இல் அறிவித்தனர். வெயில் முதலில் பொருளைச் சிதைத்துத் தந்தால்தான் பாக்டீரியா அதை உண்ணத் தொடங்கும். இந்த ஒரு சதவீதத்தை இகழ்வதற்கில்லை. எனினும் "எறிந்துவிடுங்கள், நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளும்" என்று எவரேனும் கூறினால், கணக்கை நீட்டிக் காட்டலாம்: நாள்தோறும் கடலில் சேர்வது எவ்வளவு, ஓராண்டில் கரைவது எவ்வளவு?

இவ்வறிவு கடலைவிட ஆலைக்கே விரைவில் பயன்படும் என்று தோன்றுகிறது. இலைதழை மட்கிலிருந்து கிடைத்த ஒரு நொதியைத் திருத்தியமைத்து, பிரான்சு நாட்டு ஆய்வாளர் 72 டிகிரி வெப்பத்தில், முன்னரே பதப்படுத்திய புட்டிப் பொருளின் 90 சதவீதத்தைப் பத்து மணி நேரத்தில் பிரித்தெடுத்தனர். இது 2020-இல் வெளிவந்தது. அம்மூலப்பொருளிலிருந்து மீண்டும் புட்டியும் செய்து காட்டினர். கொதிகலனில் இயல்வது கடலில் இயலாது.

பயிரிடுவோருக்கும் இதில் ஒரு செய்தியுண்டு. வயலில் களைக்காக விரிக்கும் பாலித்தீன் நிலப்போர்வை வெயிலில் நைந்து நொறுங்கியபின், அதனை மண்ணிலிருந்து பொறுக்க ஆளும் கிடையாது, கருவியும் கிடையாது. அறுவடை முடிந்த வாரத்திலேயே, தாள் கிழியாதிருக்கும்போதே சுருட்டியெடுத்தல் வேண்டும்.