ஓடும் வீட்டில் ஓட்டை அடைப்பது எப்படி?

அமெரிக்காவில் மோட்டார் ஹோம் என்றாலே இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரம்தான் முதலில் பேச்சில் வரும். அந்த நாட்டின் பயண வீடுகளில் பெரும்பகுதி அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் தயாராகிறது. அங்கே நடக்கும் வேலையின் போக்கைத் தெரிந்துகொண்டால், இந்த வண்டிகளுக்குள் குளிர்காற்றும் இரைச்சலும் எப்படி நுழைகின்றன என்பதில் பாதி புரிந்துவிடும். லாரி கம்பெனி ஒன்று என்ஜின், சக்கரங்கள், டிரைவர் அறை ஆகியவற்றோடு சேசிஸை அனுப்பி வைக்கும். படுக்கை, சமையல் மேடை, குளியலறை உள்ள வீட்டுப் பகுதியை இன்னொரு கம்பெனி அதன் மேல் கட்டும். இந்த இரண்டும் சேரும் இடத்தில் இடுக்கு விழும். தண்ணீர்க் குழாய்க்கும், மின்கம்பிக்கும், கேஸ் குழாய்க்கும் தரையில் போட்ட துளைகள் தேவைக்கு மேல் அகலமாகவே இருக்கும். அதற்கு மேல், மணிக்கு 65 மைல் (சுமார் 105 கி.மீ.) வேகத்தில் இந்த வீடு குலுங்கிக்கொண்டே ஓட வேண்டும்.

எங்களிடம் இருப்பது ஃபோர்டு ஈ-450 சேசிஸ் மேல் கட்டிய 'கிளாஸ் சி' ரக வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ரகம். வயோமிங் மாநிலத்தில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே ஐ-80 நெடுஞ்சாலை எல்க் மலையை ஒட்டிப் போகிறது. பக்கவாட்டுக் காற்றுக்குப் பேர்போன பாதை அது. குளிர்காலத்தில் அங்கே ஓட்டினால், ஹீட்டர் முழு வேகத்தில் இருந்தாலும் கணுக்காலில் ஐஸ் காற்று அடிக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவருடன் பேசக் குரலை உயர்த்த வேண்டும். வண்டியில் பல வேலைகளைச் செய்து பார்த்த பிறகு எங்களுக்கு உறுதியானது ஒன்றுதான். காற்று நுழையும் வழியில்தான் சத்தமும் நுழைகிறது. ஆகவே விலை உயர்ந்த ஒலித்தடுப்புப் பாய்களை வாங்கும் முன் ஓட்டைகளை அடைக்க வேண்டும்.

இதற்கு ஒலியியலில் தெளிவான கணக்கு உண்டு. ஒரு தடுப்புச் சுவரின் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால், மீதி 99 சதவீதத்தை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 6 டெசிபல். அந்த 6 டெசிபலையும் விரலளவு இடுக்கு ஒன்று விழுங்கிவிடும்.

ஊதுபத்தி வைத்துத் தேடுங்கள்

ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம், ஒரு ஊதுபத்தி போதும். என்ஜினை நிறுத்துங்கள். கேஸ் அடுப்பு, ஹீட்டர், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். இதை மறக்கவே கூடாது, ஏனென்றால் அடுத்துச் செய்யப்போவது உள்ளேயிருக்கும் காற்றை வெளியே இழுப்பது. எரியும் அடுப்பின் புகையையும் அது உள்ளே திருப்பிவிடக்கூடும். ஜன்னல், கதவு எல்லாம் சாத்திவிட்டு, கூரை மின்விசிறியைக் காற்று வெளியேறும் திசையில் முழு வேகத்தில் போடுங்கள். இனி வண்டிக்குள் எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கேயெல்லாம் வெளிக்காற்று பீறிட்டு உள்ளே வரும். பத்தியை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், புகை நேராக எழாமல் சட்டென்று வளையும் இடம் ஓட்டை. அங்கே ஒரு டேப் துண்டை ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

எங்கள் வண்டியில் புகை அதிகம் வளைந்தது கண்ணில் படாத இடங்களில். ஸ்டீயரிங் தண்டு தடுப்புத் தகட்டைத் துளைத்து என்ஜின் பக்கம் போகும் இடத்தில் ரப்பர் உறை கிழிந்திருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் கம்பிக் கற்றை நுழையும் துளையில் ரப்பர் வளையமே இல்லை. சமையல் மேடைக்குக் கீழே அலமாரியைத் திறந்து குனிந்து பார்த்தால், தண்ணீர்க் குழாயைச் சுற்றி மூன்று விரல் நுழையும் அளவுக்கு வெற்றிடம், அதன் வழியே தரை தெரிந்தது. தலைக்கு மேலுள்ள படுக்கைப் பகுதி டிரைவர் அறையோடு சேரும் மூலைகள், படிக்கட்டுப் பள்ளம், கரன்ட் வயர் வெளியே போகும் சின்னக் கதவு ஆகியவையும் பட்டியலில் சேர்ந்தன. சுவர் வெளியே நகரும் 'ஸ்லைடு-அவுட்' உள்ள வண்டி என்றால் அதன் நான்கு மூலைகளையும் தவறாமல் சோதிக்க வேண்டும்.

துளைகளை அடைக்க ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பொருள். கம்பி, குழாய் நுழையும் துளைக்குச் செம்புக் கம்பி வலையைத் திணித்து, மேலே சீலன்ட் பூசுவது நல்லது. எலி அதைக் கடித்து வர முடியாது. இரும்புக் கம்பளியைப் போல அது துருப்பிடிக்கவும் செய்யாது. டப்பாவில் வரும் பொங்கும் ஃபோமை மெல்லிய பலகைக்குப் பின்னால் அடித்தால், அது விரியும் வேகத்தில் பலகையே வளைந்துபோகும். நாளைக்குக் குழாய் மாற்ற வேண்டுமென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கதவு ஓரங்களுக்குத் தண்ணீரை உறிஞ்சாத, மூடிய துளையுள்ள ரப்பர் பீடிங்கே ஏற்றது. சாதாரணப் பஞ்சு நுரை தண்ணீரைக் குடித்து அமுங்கிவிடும்.

கதவில் பீடிங் மாற்றும் முன் ஒரு சின்னச் சோதனை. காகிதத் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கதவு அமரவில்லை. பல சமயம் பூட்டு மாட்டும் கொண்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி இறுக்கினாலே போதும்.

ஈ-450 போன்ற வண்டிகளில் என்ஜினின் ஒரு பகுதி டிரைவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே உள்ளேயே இருக்கிறது. அதை மூடும் பெட்டியை 'டாக்ஹவுஸ்' என்பார்கள். அதன் விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை நாளடைவில் நசுங்கித் தட்டையாகிவிடும். அந்த வழியாக வெப்பமும் உறுமலும் உள்ளே வரும். வெப்பம் தாங்கும் பட்டை வாங்கி மாற்றிய பிறகு, மேடு ஏறும்போது எங்கள் பேச்சு இயல்பான குரலுக்கு இறங்கியது. செய்த வேலைகளில் செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம் என்றால் இதுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: அங்கே புகைநாற்றம் அடித்தால் பட்டை வாங்கப் போகாதீர்கள், நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

அடைக்கக் கூடாத ஓட்டைகளும் உண்டு

ஆர்வத்தில் எல்லாத் துவாரத்தையும் அடைத்துவிடுவது உயிருக்கே ஆபத்து. கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜின் பின்பக்கக் காற்றுவழி, ஹீட்டரின் மூச்சுக்குழல், பேட்டரிப் பெட்டியின் துளைகள் ஆகியவற்றைத் தொடவே கூடாது. ஐரோப்பிய வண்டிகளில் தரையிலும் கூரையிலும் வேண்டுமென்றே திறந்துவிட்ட காற்றுத் துளைகள் இருக்கும். ஈஎன் 721 என்ற தரநிலை அவற்றைக் கட்டாயமாக்குகிறது. குளிர்கிறது என்று அவற்றில் துணி திணிப்பவர்கள் இருக்கிறார்கள். காற்றோட்டம் நின்றால் உள்ளே தேங்கக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 1192 தரநிலை, அந்த வாயுவுக்கும் கேஸ் கசிவுக்கும் எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்தச் சொல்கிறது. கருவிக்கும் ஆயுள் உண்டு, காலாவதித் தேதி அதன் முதுகிலேயே இருக்கும். அடைப்பு வேலையைத் தொடங்கும் நாளிலேயே அந்தத் தேதியைப் பாருங்கள்.

கடகடப்புக்கு ஒரு காது, ஒரு செல்போன்

வண்டிக்குள் கேட்கும் சத்தங்களில் கடகடவென்பது வேறு, கிறீச்சென்பது வேறு. இரண்டு பொருட்களுக்கு நடுவே இடைவெளி இருந்து அவை முட்டிக்கொண்டால் கடகடப்பு. இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று உரசிச் சிக்கிச் சிக்கி நகர்ந்தால் கிறீச். முதலாவதற்கு மெத்தையோ இறுக்கமோ வேண்டும். இரண்டாவதற்கு வழுக்கும் பரப்பு வேண்டும், அதற்கு யுஹெச்எம்டபிள்யூ எனப்படும் வழவழப்பான பிளாஸ்டிக் டேப் கிடைக்கிறது. கிறீச்சிடும் இடத்தை மேலும் மேலும் முடுக்கினால் சில சமயம் சத்தம் கூடவே செய்யும்.

ஓடும் வண்டியில் எழுந்து நின்று தேடக் கூடாது. சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே கேட்க வேண்டும். ஒவ்வொரு அலமாரியிலும் மாற்றி மாற்றிச் செல்போனை ஒலிப்பதிவில் போட்டு வைத்து, கரடுமுரடான தெருவில் ஒரு சுற்று ஓட்டி, பிறகு நிறுத்திக் கேட்டால் குற்றவாளி சிக்கிவிடும். நாங்கள் அடுப்பின் இரும்புக் கம்பித் தட்டுதான் தாளம் போடுகிறது என்று அதைக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்தோம். சத்தம் நிற்கவில்லை. பின்னிருக்கையில் இருந்த மனைவி சொன்னாள்: "ஏங்க, அது அடுப்பு இல்ல. மேல இருக்கிற மைக்ரோவேவ். உள்ள கண்ணாடித் தட்டு ஆடுது, கேளுங்க."

அவள் சொன்னதுதான் சரி. சுழலும் தட்டையும் அதன் அடியிலுள்ள சக்கர வளையத்தையும் எடுத்து மெத்தைக்கு நடுவே வைத்ததும், பாதி வண்டி அமைதியானதாகத் தோன்றியது.

வழக்கமாகச் சத்தம் போடும் பொருட்கள் எல்லா வண்டியிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஓவனுக்குள்ளிருக்கும் கம்பி அடுக்கு, அலுமினியப் பட்டை பிளைண்ட், குளியலறையின் மடக்குக் கதவு, கரண்டி டிராயர், வெளிப் பெட்டியில் போட்டு வைத்த ஜாக்கியும் சங்கிலியும். பட்டை பிளைண்டுக்குப் பதில் துணி பிளைண்ட் மாட்டினால் ஒரே நாளில் தொல்லை தீரும். டிராயர்களில் ரப்பர் விரிப்பும், அலமாரிக் கதவு படும் இடத்தில் ஒட்டும் ஃபெல்ட் வட்டங்களும் போதும். பல வண்டிகளில் அலமாரிகளை ஸ்டேப்பிள் ஊசியால் அடித்திருப்பார்கள், குலுக்கலில் அவை தளர்ந்துவிடும். அந்த மூட்டுகளில் பசை தடவித் திருகு போட்டால் பெட்டி மறுபடி உறுதியாகும். பலகையின் பின்னால் கம்பியோ குழாயோ போகிறதா என்று பார்த்துவிட்டே துளையிட வேண்டும்.

அடியிலிருந்து தடதடவென்று வந்தால் அது வீட்டுப் பகுதியின் வேலையல்ல. சஸ்பென்ஷன் புஷ்கள், ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்புகள், சைலன்சர் பிடிப்புகள் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

காற்றின் விசிலுக்கு நீல டேப்

நெடுஞ்சாலையில் மணிக்கு 50 மைல் வேகத்தைத் தாண்டியதும் தொடங்கும் மெல்லிய விசில் பெரும்பாலும் வெளிப்புறத்து இடுக்கு ஒன்றில் பிறக்கும். பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் நீல டேப்பை வாங்கி, சந்தேகப்படும் இணைப்புகளை முதலில் மொத்தமாக ஒட்டி மூடிவிடுங்கள். விசில் நின்றால் ஒவ்வொரு டேப்பாக உரித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். எதை உரித்ததும் விசில் திரும்புகிறதோ, அங்கேதான் கோளாறு. எங்கள் வண்டியில் அது பக்கக் கண்ணாடியின் அடித்தட்டில் இருந்தது. சிலருக்குக் கூரை ஏசியின் மூடி, சிலருக்கு வெயில் மறைப்பின் உருளை.

பாய் விரிப்பது கடைசி வேலை

இதெல்லாம் முடிந்த பிறகே ஒலித்தடுப்புப் பொருட்களுக்குக் கையில் காசை எடுக்க வேண்டும். இங்கே இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் பட்டை, தகடு அதிர்வதை அடக்குகிறது. மிருதங்கத் தோலில் உள்ளங்கையை வைத்தால் நாதம் அடங்குமே, அதுபோல. தகடு முழுவதும் ஒட்டத் தேவையில்லை, நடுப்பகுதியில் கால்வாசிப் பரப்பு மூடினாலே பெரும்பாலான அதிர்வு அடங்கும். மலிவான தார்ப் பட்டைகள் கோடையில் இளகி நாறும். அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொரு வகை கனமான வினைல் பாய். இது காற்றில் வரும் ஒலியைத் தன் எடையால் தடுக்கிறது. தகட்டோடு நேரே ஒட்டாமல், கீழே ஒரு நுரைப் பாயைப் போட்டு அதன் மேல் விரித்தால்தான் முழுப் பலன். வழக்கமாகக் கிடைப்பது சதுர அடிக்கு 1 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ. டிரைவர் அறைத் தரைக்கு 4 சதுர மீட்டர் போட்டால் 20 கிலோ கூடும். ஈ-450 வண்டியின் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு. குடும்பம், தண்ணீர், சாமான் எல்லாம் ஏறிய பிறகு மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டே பாய் வாங்க வேண்டும். பளபளக்கும் வெள்ளித்தாள் குமிழ் விரிப்பு ஜன்னலில் வெயிலை மறைக்கும். டயர் இரைச்சலை அது தடுக்காது.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. சத்தம் குறையும் என்று காற்றைக் குறைப்பவர்கள் உண்டு, அது டயர் வெடிக்க வழி. சாமான் ஏற்றிய நிலையில் லாரி நிறுத்தங்களிலுள்ள 'கேட்' நிறுவன எடைமேடையில் நிறுத்தி அச்சு எடையைப் பாருங்கள். டயர் கம்பெனியின் அட்டவணையில் அந்த எடைக்குரிய காற்றழுத்தத்தையே வைக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ரப்பர் வயதாக ஆக இறுகி, இரைச்சலும் கூடும்.

சாலைக்கும் இதில் பங்கு பெரிது. அரிசோனா மாநிலம் 2003இல் ஃபீனிக்ஸ் பகுதி நெடுஞ்சாலைகளில் ரப்பர் கலந்த தாரைப் போடும் திட்டத்தைத் தொடங்கியதே இரைச்சலைக் குறைக்கத்தான். அப்படிப்பட்ட சாலையிலிருந்து வெறும் கான்கிரீட்டுக்கு மாறினால், செய்த வேலையெல்லாம் வீணோ என்று தோன்றும். அதனால் ஒப்பிடும்போது ஒரே சாலை, ஒரே திசை, ஒரே வேகம், செல்போன் ஒரே இடத்தில், ஏசி அணைத்த நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிறது, காதுக்கோ சற்றே தெரியும். காதுக்குப் பாதியாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். ஒரு வேலை முடிந்ததும் அளந்து எழுதி வைத்தால், அடுத்த செலவை எங்கே செய்வது என்பது தானாகத் தெரியும். எங்கள் குறிப்பேட்டின்படி, அடுத்து மாற்ற வேண்டியது படிக்கட்டுக் கதவின் அடி பீடிங். கொண்டியை முடுக்கிப் பார்த்தாயிற்று, காகிதம் இன்னும் வழுக்கிக்கொண்டுதான் வருகிறது.