பாழடைந்த கோர்ட்டுக் கட்டடம் பார்க்கப் போகிறீர்களா?

காரைக்கால் பக்கத்து விழிதியூர்க்காரர்கள் எட்டிப் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. அங்குள்ள டேனிஷ் கவர்னர் பங்களா, 1845இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனபின் நீதிமன்றமானது. பிறகு உப்புக் கிடங்கு. சிதைந்து கிடந்ததைப் பின்னாளில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு மீட்டார்கள். எல்லாக் கட்டடத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. புதுச்சேரியின் 19ஆம் நூற்றாண்டு மேரி (நகராட்சி அலுவலகம்) கட்டடம் 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்தது. ஆகவே இடிந்த கட்டடத்துக்குள் நுழைய ஐப்பசி, கார்த்திகை ஆகாது. மழை விட்ட பிறகும் சில வாரம் பொறுங்கள்; சுண்ணாம்புக் காரை ஊறிய நீரை மெதுவாகத்தான் விடும். மர உத்தரங்கள்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் முதலில் உளுப்பது சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் நுனி. நடுப்பகுதி கெட்டியாகத் தெரிவதை நம்பி அடியில் நிற்காதீர்கள். மாடிக்கு ஏறவே வேண்டாம். உப்புப் பூத்து, விரல் பட்டாலே செங்கல் பொடியாக உதிரும் சுவரில் சாயாதீர்கள்.

யாரும் உள்ளே போகாவிட்டால் இவையெல்லாம் பதிவாகாமலே அழியுமே என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் தூண், வளைவு, விரிசலின் போக்கு எல்லாம் வெளியிலிருந்தே படத்தில் விழும். பழுதுபார்ப்பவருக்கு முதலில் வேண்டியதும் அதுதான். உள்ளே போயே தீரவேண்டுமென்றால் உரிய அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கதவில் பூட்டு இல்லாதது அனுமதி ஆகாது. மூடிய காலணி, டார்ச், துணைக்கு ஒருவர். குப்பை மேட்டைக் கோலால் தட்டிவிட்டே கால் வையுங்கள், பாம்பு இருக்கும்.