வண்ணப் பூச்சும் வெறுந்தகடும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையில் கலிபோர்னியா என்னும் மாநிலம் உள்ளது. அதன் தென்பகுதியில் நீர் வற்றிய ஏரிகள் சில உள. மூராக், எல் மிராஜ் என்பன அவற்றுள் பெயர் பெற்றவை. மேடுபள்ளமின்றிக் கண்ணுக்கெட்டிய தொலைவு பரந்து கிடக்கும் அவ்வேரித் தரைகளில், 1930ஆம் ஆண்டையடுத்து இளைஞர் பலர் பழைய ஃபோர்டு வண்டிகளைக் கொணர்ந்து விரைவாக ஓட்டிப் பார்க்கலாயினர். எடையைக் குறைக்கும் பொருட்டுச் சக்கரங்களின் மேலுள்ள மட்கார்டுகளைக் கழற்றினர். பொறியைப் பிரித்துத் திருத்தினர். இங்ஙனம் விரைவு கருதி மாற்றியமைத்த வண்டிக்கு ஹாட் ராட் என்பது பெயர். ஓட்டப் பொழுதை அளந்து பதிவதற்கென 1937இல் ஒரு சங்கமும் தோன்றிற்று. அவ்வண்டிகளின் விரைவைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவற்றின் மேனி முடிக்கப்பெற்ற வகையோ அதனினும் சுவையுடையது.

ஃபோர்டு நிறுவனம் 1914 முதல் 1925 வரை தன் 'டி' வகை வண்டியைக் கருநிறத்தில் மட்டுமே விற்றுவந்தது. விரைவில் உலரும் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் 1920களில் புழக்கத்திற்கு வந்த பின்னர், பல நிற வண்டிகள் பெருகின. தெளிகருவி ஒன்று வாய்த்தால், வீட்டுக் கொட்டகையிலேயே ஒருவர் தம் வண்டிக்குத் தாம் விரும்பிய நிறத்தை ஏற்றலாம் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று.

ஆயினும் பொறிக்கே கைப்பொருளை எல்லாம் செலவிட்ட இளைஞன், வண்ணத்திற்கு எங்குப் போவான்? பிரைமர் எனப்படும் அடிப்பூச்சைச் சாம்பல் நிறத்திலோ செங்காவி நிறத்திலோ பூசி, அவ்வளவில் நிறுத்தினான். வறுமையால் வந்த அக்கோலம் நாளடைவில் ஒரு சிறப்பாகவே மதிக்கப்பட்டது. பொருள் உடையாரும் மெருகற்ற மேனியை விரும்பிச் செய்துகொண்டனர். ஆனால் அன்றைய அடிப்பூச்சு நுண்துளைகளை உடையது; ஈரத்தை உள்ளே விடும். மேற்பூச்சின்றி மழையில் நின்ற வண்டியை ஓராண்டு கழித்துச் சுரண்டிப் பார்த்தால், அடியில் செந்துரு படர்ந்திருக்கும். பூச்சு என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று. அது தகட்டின் காவலும் ஆகும்.

காவலாவது போலவே பூச்சு திரையாகவும் ஆவதுண்டு. தகட்டை வெட்டி, ஒட்டி, மேற்கூரையைத் தாழ்த்தும்போது தழும்புகள் நிற்கும். அவற்றை ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் நிரப்புவர். எழுபது பங்கு ஈயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை, 183 பாகை செண்டிகிரேடில் இளகத் தொடங்கினும், ஏறத்தாழ 255 பாகை வரை முற்றும் நீராவதில்லை. இடைப்பட்ட நிலையில் உறைந்த நெய்போல் குழையும் அதனை மரக்கரண்டியால் தடவி, ஆறியபின் அரத்தால் இழைப்பர். ஈயத்தூள் உடலுக்கு நஞ்சாதலின் இது இடர் மிக்க வேலை. 1950களில் பாலியஸ்டரால் ஆன பட்டி வந்தபின், பட்டி பார்த்தல் எளிதாயிற்று. குறையைப் புதைத்தலும் எளிதாயிற்று. வான் டச் என்பார் புகழுறச் செய்த மெல்லிய கோட்டு ஓவியங்கள்கூட, பூச்சிற் பட்ட கீறலை மறைக்கத் தோன்றியவை என்று சொல்வதுண்டு.

பட்டியோ ஈயமோ இன்றித் தகட்டையே நேர்செய்யும் கம்மியன் வேறு வழியிற் செல்கிறான். தகட்டின் பின்புறம் இரும்புக்கட்டையைத் தாங்கி, முன்புறம் சுத்தியால் மெல்லத் தட்டுகிறான். பின்பு அரத்தை ஒருமுறை இழுக்கிறான். மேடான இடம் தேய்ந்து பளிச்சிடும். பள்ளம் கறுத்தே நிற்கும். கறுத்த புள்ளியின் அடியிற் கூர்ச்சுத்தியால் ஒரு தட்டு, மீண்டும் அரம். கை அறியாததைக் கண் அறியும். கண் தவறவிட்டதை உள்ளங்கை உணரும். பழைய வண்டித் தகட்டின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. அரத்தை மிகுதியாக இழுத்தால் தகடு மெலிந்து பாழாகும். ஆதலின் தேய்த்து நேராக்குவதினும் தட்டி நேராக்குவதே அவன் திறம். ஒரு கதவை இங்ஙனம் முடிக்கப் பல நாள் செல்லும்.

இத்தகைய வண்டிகளுட் சில வண்ணமின்றியே நிறுத்தப்படும். வெறுந்தகடு பொய் சொல்லாது. பற்றவைத்த வரி, சுத்தியின் தடம் யாவும் வெளிப்படையாய்த் தோன்றும். எனினும் எஃகு தன்னைக் காத்துக்கொள்ளாத உலோகம். வியர்வை பட்ட விரலால் தொட்டால், தொட்ட விரலின் வடிவிலேயே துரு எழும். எண்ணெயோ மெழுகோ இட்டு அடிக்கடி துடைத்தல் வேண்டும். நிறமற்ற தெளிபூச்சு இட்டால் ஆகாதோ எனின், அதிலும் ஒரு சிறு கீறல் விழுந்தால், அதன் வழி ஈரம் புகுந்து, பூச்சின் கீழே புழு ஊர்ந்த தடம்போலத் துரு இழை இழையாய் ஓடும். அலுமினியமோ காற்றுப்பட்ட உடனே தன்மேல் ஒரு நுண்ணிய படலத்தைத் தானே போர்த்திக்கொள்ளும். அதனாலேயே அலுமினிய முகப்பு வண்ணமின்றி நெடுநாள் நிற்கவல்லது.

இனி, வெறுந்தகட்டிற்கு நேர்மாறாய்த் தோன்றுவது 'காண்டி' என்னும் இனிப்பு நிறப் பூச்சு. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோ பெய்லன் என்பார் 1950களில் இதனை உருவாக்கினார். மழையில் நனைந்த தெருவில் வண்டிகளின் பின்விளக்குச் சிவப்பு மின்னக் கண்டு, அந்நிறத்தைத் தேடி அவர் பல ஆண்டு முயன்றார் என்பர். முதலிற் பொன்னிறமோ வெள்ளி நிறமோ ஆகிய பளபளப்புப் பூச்சு, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்புச் சாயப் பூச்சுகள் பல, இறுதியில் தெளிபூச்சு. ஒளி சாயத்தின் ஊடே சென்று, அடியிலுள்ள பளபளப்பிற் பட்டு, மீண்டும் சாயத்தின் ஊடே வெளிவரும். கல்லின் கீழே மின்னும் தகடு வைத்து இழைக்கும் பொற்கொல்லர் இந்நுட்பத்தை எளிதில் உணர்வர்.

இதில் ஒவ்வொரு பூச்சும் நிறத்தை ஆழமாக்கும். தெளிகருவி ஓரிடத்தில் இருமுறை சென்றால், அங்கு இருண்ட பட்டை விழும். கை ஒரே விரைவில், ஒரே தொலைவில் இயங்க வேண்டும். பின்னர்க் கதவு ஒன்று அடிபட்டால் அதை மட்டும் பூசி ஒப்பிடுதல் மிக அரிது. எத்தனை பூச்சு ஏறிற்று என்பதை யார் எண்ணி வைத்தார்? பளபளப்பு மிகுந்த மேனியில் சிறு அலைவும் வளைந்த நிழலாய்க் காட்டிக்கொடுக்கும். ஆகவே திரை என்று கருதப்பட்ட இப்பூச்சின் அடியிலும் அந்தச் சுத்தியும் அரமும் செய்த வேலை குறைவற இருத்தல் வேண்டும்.

அம்மாநிலத்துக் கண்காட்சிகளுக்குச் சில வண்டிகள் வண்ணம் ஏறுமுன்னே, வெறுந்தகடாகவே கொண்டுவரப்படுகின்றன. பல மாதம் உழைத்த கம்மியனின் வேலையைப் பிறர் காணக் கிடைக்கும் பொழுது அஃதொன்றே. கண்காட்சி முடிந்ததும் வண்டி பூச்சுக் கொட்டகைக்குச் செல்லும். காண்போர் நிறத்தைப் புகழ்வர். பூசியவன் பெயரைக் கேட்பர். பல ஆண்டு கழித்துப் பழம்பூச்சை நீக்கப் புகும் மற்றொரு கம்மியன், பட்டி ஏதும் அகப்படாமல் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, அத்தகட்டை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான்.