ஓலை சொல்லும் பாடம்

எங்கள் வீடு இராயபுரத்தில், கடலை ஒட்டியது. உப்புக்காற்றில் இரும்பே துருப்பிடிக்கிறது, ஓலை எம்மாத்திரம்? இந்த ஐயத்தோடுதான் கோட்டூர்புரத்திலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திற்குச் சென்றேன். 1869-இல் தோன்றிய அந்நூலகத்திற்கு அடித்தளமானவை, நில அளவையாளர் காலின் மெக்கன்சி முதலியோர் திரட்டிய சுவடிகள்.

எழுத்தாணி கீறியவுடன் ஓலையில் எழுத்துத் தெளிவாகத் தெரியாது. கரியைத் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கரி தங்கி எழுத்துத் துலங்கும். புல்தைலம் பூசினால் ஓலை வளையும், பூச்சியும் அணுகாது. வேதியியல் மாணவனாகிய எனக்கு இஃது ஓர் அரிய பாடம்.

ஆயினும், தைலம் காப்பது ஓலையை. பொருளைக் காப்பவர் படிப்பவரே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை, சிதைந்த ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் கொள்ளுத்தாத்தாவின் பெட்டியில் ஓர் ஏட்டுக்கட்டு இருந்ததாம். படிக்க ஆளில்லை என்று ஒரு மழைக்காலத்தில் அதை அடுப்பில் வைத்துவிட்டதாகப் பாட்டி சொன்னார். அதில் கணக்கு இருந்ததா, வைத்தியம் இருந்ததா, இனி யாரறிவார்?

நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஏடு கிடக்கலாம். அடுப்புக்குப் போகுமுன் அதை நூலகத்தில் சேர்ப்பீர்!