கிணற்றின் ஆழம் அறிவோம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் சார்பில் மாணவி ஒருத்தி)

முன்னுரை

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்பது நம் பெரியோர் வாக்கு. புனித யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில், யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண்ணும் அக்கிணற்றின் ஆழத்தைக் குறித்துப் பேசினாள். நாள்தோறும் தண்ணீர் இறைக்கும் பெண்ணுக்கல்லவா ஆழத்தின் அருமை தெரியும்!

நம் விடுதியின் பின்புறமுள்ள கிணறு 42 அடி ஆழம். சென்ற கோடையில் ஒருநாள் தண்ணீர் வற்றியது அறியாமல் மோட்டார் ஓடி, காயில் எரிந்துபோனது. விடுதி மாணவியர் ஐந்து நாட்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் காத்து நின்றோம். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரம் வரிசையில் கழிந்தது. இச்செய்தியைக் கேள்வியுற்ற முன்னாள் மாணவி ஒருவர், நீரில் மூழ்கியிருந்து நீர்மட்டத்தைச் சொல்லும் கருவி ஒன்றை நம் பள்ளிக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அதைப் பொருத்தும் பணியை எங்கள் இயற்பியல் ஆசிரியை எங்கள் வகுப்பிடம் ஒப்படைத்தார். அதில் நாங்கள் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்றும் இன்றும்

நீர்மட்டம் அளப்பது புதிய கலையன்று. எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில், நைல் நதியின் ரோடா தீவில், வெள்ளத்தை அளக்க 861ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கல்தூணை இன்றும் காணலாம். நம் மதுரைச் சீமையிலோ, “கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்கிறது” என்ற ஒரு சொல்லிலேயே உழவர் நீர்மட்டத்தை அறிவித்துவிடுவர். நம் கிணற்றிலும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகளை எண்ணியே, “இன்றைக்கு 14ஆம் படி” என்று தோட்டக்காரத் தாத்தா சொல்லிவிடுவார்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தார் நாடெங்கும் கண்காணிப்புக் கிணறுகளை வைத்து, ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளந்து வருகின்றனர். 1995ஆம் ஆண்டில் தொடங்கிய நீரியல் திட்டத்தின் வழியாகத் தானியங்கிப் பதிவுக் கருவிகள் தமிழ்நாட்டிலும் நிறுவப்பட்டன. ஆள் போகாத வேளையிலும் கிணற்றின் நிலையைக் குறித்து வைப்பது அவற்றின் சிறப்பு.

கருவியின் தத்துவம்

‘சப்மெர்சிபிள்’ என்றதும் நம் தெருவில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஆழ்துளைக் கிணற்று மோட்டார்தான். இதுவும் அதைப் போலவே நீருக்குள் இருந்து வேலை செய்வது. ஆனால் நீரை இறைக்காது. தன்மேல் நிற்கும் நீரின் எடையை உணர்ந்து சொல்லும். ஆகவே இதனை ‘உணரி’ என்போம்.

இது கட்டைவிரல் பருமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழல். இதன் முகப்பில் மெல்லிய தகடு ஒன்று உண்டு. நீர் அழுத்தும்போது தகடு மிகச் சிறிதளவு வளைகிறது. அவ்வளைவால் உள்ளே ஒரு மின்தடை மாறுகிறது. அம்மாற்றம் மின்னோட்டமாகக் கம்பி வழியே மேலே வருகிறது.

அழுத்தம் = ஆழம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் என்று நாம் படித்திருக்கிறோம். கிணறு அகலமானதா குறுகலானதா என்பது பொருட்டன்று. ஆழம் ஒன்றே பொருட்டு.

எங்களுக்குக் கிடைத்த உணரி 10 மீட்டர் வரை அளக்கக்கூடியது. நீர் இல்லாதபோது 4 மில்லி ஆம்பியரும், 10 மீட்டர் நீரில் 20 மில்லி ஆம்பியரும் காட்ட வேண்டும். அதாவது ஒரு மீட்டருக்கு 1.6 மில்லி ஆம்பியர். “சுழியில் தொடங்காமல் ஏன் 4இல் தொடங்க வேண்டும்?” என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். கம்பி அறுந்துபோனால் மின்னோட்டம் சுழியாகிவிடும். அப்போது ‘கிணறு வற்றிவிட்டது’ என்று நாம் தவறாக எண்ணக் கூடாதல்லவா? கிணறு காலி என்பதற்கும் கருவி பழுது என்பதற்கும் வேறுபாடு தெரியவே இந்த ஏற்பாடு.

அளவுத்திருத்தம்

கருவியை வாங்கிய உடனே கிணற்றில் இறக்கிவிடக் கூடாது. அது சொல்வது மெய்தானா என்று முதலில் சோதிக்க வேண்டும். இதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர்.

மூன்றரை மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாயின் அடியை மூடி, அறிவியல் கூடத்து மாடிப்படியோரம் நேராக நிறுத்தி நீர் நிரப்பினோம். உணரியோடு 24 வோல்ட் மின்சாரத்தையும் மல்டிமீட்டரையும் தொடராக இணைத்தோம். நீரின் மேற்பரப்பிலிருந்து உணரியின் முகப்பு வரை நாடாவால் அளந்து, மீட்டர் மீட்டராக இறக்கினோம். கண்ட அளவுகள் இவை:

காற்றில் – 4.06 மில்லி ஆம்பியர்
1 மீட்டரில் – 5.65
2 மீட்டரில் – 7.24
3 மீட்டரில் – 8.83

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, நீரே இல்லாதபோது 4.00 காட்டாமல் 4.06 காட்டியது. வெர்னியர் அளவியில் நாம் காணும் சுழிப்பிழையே இது. இதைத் திருத்தாவிட்டால் எந்த ஆழத்திலும் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீரைக் கருவி தானாகச் சேர்த்துச் சொல்லும்.

மற்றொன்று, ஒரு மீட்டருக்கு 1.60 ஏற வேண்டிய இடத்தில் 1.59தான் ஏறியது. ‘கருவி பழுதோ?’ என்று கலங்கினோம். ஆசிரியை சிரித்துக்கொண்டே, “கருவியின் மேல் பழி போடுமுன் நம் ஊரைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்” என்றார். 4 டிகிரி குளிர்ந்த நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோகிராம். எங்கள் குழாயில் இருந்த மதுரைத் தண்ணீரோ 30 டிகிரி. அதன் அடர்த்தி ஏறத்தாழ 996தான். மேலும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.81 அன்று; 9.78. இரண்டும் சேர்ந்து நீரின் அழுத்தத்தை நூற்றுக்கு முக்கால் பங்கு அளவில் குறைக்கின்றன. கருவி சரியாகத்தான் சொன்னது; நாங்கள்தான் வேறோர் ஊரின் கணக்கை வைத்துப் பார்த்தோம்.

எனவே எங்கள் கிணற்றுக்குரிய சூத்திரம் இவ்வாறு அமைந்தது:

நீரின் உயரம் (மீட்டரில்) = (மில்லி ஆம்பியர் – 4.06) ÷ 1.59

கிணற்றில் பொருத்துதல்

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை ஐந்து.

1. உணரி அடிச்சேற்றில் புதையக் கூடாது. முகப்புத் தகட்டைச் சேறு அடைத்துவிடும். ஆகவே அடியிலிருந்து 1 மீட்டர் மேலே தொங்கவிட்டோம்.

2. மோட்டார் ஓடும்போது நீர் சுழலும், உணரி ஊசலாடும். துளைகளிட்ட பி.வி.சி. குழாயைக் கிணற்றுச் சுவரோடு நிறுத்தி, அதற்குள் உணரியை இறக்கினோம்.

3. கம்பியைக் கூர்மையாக மடக்கக் கூடாது. மின்கம்பிகளோடு மெல்லிய காற்றுக்குழல் ஒன்றும் அதற்குள் ஓடுகிறது. அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

4. மழைக்காலத்தில் இடி மின்னலால் கருவி கெடாதிருக்க மேலேயுள்ள பெட்டிக்கு நல்ல எர்த் இணைப்பு வேண்டும்.

5. கிணற்றின் கைப்பிடிச் சுவரில் அளவு தொடங்கும் இடத்தை அழியாதபடி குறிக்க வேண்டும். நாங்கள் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இட்டோம். அளப்பவர் யாராயினும் அக்கோட்டிலிருந்தே அளக்க வேண்டும்.

பிறகு எஃகு நாடாவின் நுனியில் சாக்பீஸ் தடவி நீரில் இறக்கினோம். நனைந்த இடத்தில் சாக்பீஸின் நிறம் மாறிவிடும். கோட்டிலிருந்து நீர் வரை 7.20 மீட்டர் இருந்தது. அதே வேளையில் கருவி 11.37 மில்லி ஆம்பியர் காட்டியது. அதாவது உணரியின்மேல் 4.60 மீட்டர் நீர். இரண்டையும் கூட்டினால் 11.80. எனவே உணரி கோட்டிலிருந்து 11.80 மீட்டர் கீழே தொங்குகிறது. இனிக் கருவி சொல்வதை 11.80இலிருந்து கழித்தால் நீர் எத்தனை கீழே உள்ளது என்று தெரிந்துவிடும்.

நாங்கள் செய்த பிழை

எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்தோம். முதல் ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைப் போடாமல் நிறுத்திவிட்டு, விடுதி மாணவியர் மணிக்கொரு முறை அளவு குறித்தனர். காலை 10 மணிக்கு நீர் 3 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. மாலை 4 மணிக்கு மீண்டும் இறங்கியது. இரவு 10 மணிக்கு மறுபடி ஏறியது. மழையும் இல்லை, ஒரு வாளி நீர்கூட எடுக்கவில்லை. ‘கிணற்றுக்குக் கடலைப் போல் ஓதம் உண்டா?’ என்று வியந்தோம்.

தோட்டக்காரத் தாத்தா கிணற்றை எட்டிப் பார்த்தார். “தண்ணி அங்கனயேதான் இருக்கு பாப்பா. உங்க மிஷினுதான் ஏறி எறங்குது” என்றார். மறுநாள் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் சாக்பீஸ் நாடாவை இறக்கிப் பார்த்தோம். தாத்தா சொன்னதே மெய்.

காரணம் காற்று. காற்றுக்கும் எடையுண்டு என்பதை 1643இல் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் பாதரசக் குழாய் காட்டியது. நம் தலைமேலுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் நீரின் அழுத்தத்துக்குச் சமம். கிணற்று நீரின் மேலும் அதே காற்று அழுத்துகிறது. உணரி அதையும் சேர்த்து எண்ணிவிடாமல் இருக்கவே, தகட்டின் பின்புறத்துக்கு மேற்காற்றைக் கொண்டுசெல்லும் காற்றுக்குழல் கம்பிக்குள் வைக்கப்பட்டுள்ளது. இருபுறமும் காற்று சமமாக அழுத்தினால் மிஞ்சுவது நீரின் அழுத்தம் மட்டுமே.

எங்களுள் ஒருத்தி, மழைநீர் புகுந்துவிடுமே என்ற நல்லெண்ணத்தால், அக்குழலின் வாயை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி அடைத்திருந்தாள்! வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் 10 மணியளவில் இருமுறை உயர்ந்து, 4 மணியளவில் இருமுறை தாழ்கிறது. அந்த ஏற்றத்தாழ்வு 3 சென்டிமீட்டர் நீருக்குச் சமமானது. அதைத்தான் நாங்கள் தண்ணீர் என்று எழுதி வைத்தோம். டேப்பைப் பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிரம்பிய சிமிழைக் குழலின் வாயில் பொருத்தினோம். அடுத்த ஞாயிறன்று ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

நான்கு சென்டிமீட்டர்தானே?

அறிவியல் கண்காட்சிக்கு முதல் வாரத்து அளவுகளையே அட்டையில் எழுதி முடித்திருந்தோம். “மூன்று நான்கு சென்டிமீட்டரை யார் பார்க்கப் போகிறார்கள்? அப்படியே வைத்துவிடலாம்” என்று சிலர் கூறினோம். உண்மையைச் சொன்னால், எங்களுள் பெரும்பாலோர் அதையே விரும்பினோம். ஆசிரியை மறுப்பாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கணக்குகளை மட்டும் கரும்பலகையில் எழுதினார்.

முதற்கணக்கு: வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ 16 ஏக்கர். அதில் 4 சென்டிமீட்டர் நீர் என்பது எத்தனை லிட்டர்? போட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர்! 12,000 லிட்டர் லாரியாயின் 200 லாரிகளுக்கு மேல் வேண்டும்.

இரண்டாம் கணக்கு: 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர் 66 அடியை எட்டியதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே அரை அடிதான். அதாவது 15 சென்டிமீட்டர். நான்கு சென்டிமீட்டர் அதில் கால் பங்குக்கும் மேல். முல்லைப் பெரியாற்றிலும் 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தபோது, இரு மாநிலத்து மக்களும் ஒவ்வோர் அடியையும் உற்று நோக்கினர்.

எங்களுள் ஒருத்தியின் வீடு ஆற்றோரத்தில் உள்ளது. அவள் எழுந்து, “டீச்சர், அட்டையைத் திரும்ப எழுதிவிடுகிறோம்” என்றாள். அன்றிரவே எழுதினோம். பிழையான அளவுகளையும் அழிக்கவில்லை. பக்கத்தில் எழுதி, ‘எங்கள் பிழை’ என்று தலைப்பிட்டோம். கண்காட்சிக்கு வந்தோர் அந்த அட்டையின் முன்தான் அதிக நேரம் நின்றனர்.

முடிவுரை

இப்போது கருவி அரை மீட்டர் காட்டினால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும் என்று விடுதியில் எழுதி ஒட்டியுள்ளோம். கார்த்திகை மழைக்குப் பின் 8.40 மீட்டர் காட்டியது; அதாவது நீர் கோட்டிலிருந்து 3.40 மீட்டர் கீழே. மாதம் ஒருமுறை சாக்பீஸ் நாடாவை இறக்கிக் கருவியைச் சரிபார்க்கிறோம். தாத்தாவிடம் படிக்கணக்கும் கேட்டுக்கொள்கிறோம். அவருடைய படிகளில் சுழிப்பிழை இல்லை!

தோழியரே! எந்த அளவாயினும், ‘எங்கிருந்து அளந்தாய்?’ என்று முதலில் கேளுங்கள். தொடங்கும் இடம் தவறினால் கருவி எத்தனை உயர்ந்ததாயினும் விடை தவறாகவே இருக்கும். இறைவனின் கொடையாகிய நீரைக் காப்பதற்கு அதன் அளவை உண்மையாகச் சொல்வதே முதற்படி. அடுத்த ஆண்டு இப்பொறுப்பு ஒன்பதாம் வகுப்புத் தங்கையருடையது. சிவப்புக் கோடு மங்கினால், அதே இடத்தில் மறுபடியும் தீட்டுங்கள். காற்றுக்குழலை மட்டும் அடைத்துவிடாதீர்கள்!