நாகலிங்க மரமும் நம் ஆலய நந்தவனமும்

இறை வழிபாட்டில் மலருக்குத் தனியிடம் உண்டு. செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை ஆகியவை நம் தோட்டப்புற ஆலயங்களில் எளிதில் வளர்பவை. அபூர்வமான நாகலிங்க மரத்தையும் நட வேண்டும் என்று அன்பர்கள் பலர் விரும்புகின்றனர். கன்று நன்கொடை அளிக்கும் முன் அம்மரத்தின் இயல்பை அறிந்துகொள்வது நலம்.

பெயரும் பிறப்பிடமும்

மலரின் நடுவே லிங்கம் போன்ற சிறு மேடு. அதனைச் சூழ்ந்து முனிவர் கூட்டம் போல் மகரந்தத் தாள்கள். மேலே படம் விரித்த நாகம் போன்ற குடை. இத்தோற்றமே பெயருக்குக் காரணம். ஆறு இதழ்களையுடைய இம்மலர் ஒரு நாளே வாழும். இதில் தேன் இல்லை. மகரந்தத்தை நாடியே வண்டுகள் வருகின்றன.

இதன் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதி. 1775-இல் ஓப்லே என்ற பிரெஞ்சு தாவரவியலார் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். நம் முன்னோருக்குச் சோறு போட்ட ரப்பர் மரமும் அக்கண்டத்ததே. அதன் விதைகள் 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்கும், கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கும் வந்தன. எங்கோ பிறந்த மரம் பக்தியால் நம்முடையதாயிற்று. பௌத்தர்களும் இதனைச் சால மரமாகக் கருதி விகாரைகளில் வளர்க்கின்றனர். உண்மையான சால மரம் வேறு.

வளர்க்கும் முறை

பழுத்து விழுந்த காயை உடைத்தால் துர்நாற்றம் வீசும். சதையைக் கழுவி நீக்கி, விதைகளை உலரவிடாமல் நாற்றுப் பைகளில் ஊன்ற வேண்டும். நாற்றங்காலில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது கைவந்த கலை. கன்று இரண்டடி வளர்ந்ததும், மழைக்காலத் தொடக்கத்தில் வெயில் படும் இடத்தில் நடலாம். நீர் தேங்கக் கூடாது. கெடாவில் தைப்பூசத்தை ஒட்டி வரும் வறட்சியில் இளங்கன்றுக்குத் தவறாமல் நீர் ஊற்றுதல் அவசியம்.

மரம் சில நாட்களிலேயே இலை முழுவதையும் உதிர்த்து மொட்டையாக நிற்கும். பட்டுவிட்டதென்று வெட்டிவிடாதீர்கள்; விரைவில் தளிர்க்கும். ரப்பர் மரம் இலையுதிர்ப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

கவனிக்க வேண்டியவை

பூவும் காயும் அடிமரத்திலேயே தொங்கும். ஆதலால் ஏறாமலே பூப் பறிக்கலாம். ஆனால் காய் பீரங்கிக் குண்டை ஒத்தது. தலையில் விழுந்தால் ஆபத்து. எனவே பிரகாரம், அன்னதானக் கூடம், வாகனம் நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு அருகே நடுதல் ஆகாது. சுற்றிலும் குறைந்தது 20 அடி விட்டு வேலியிடுக. பூக்கத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆகும். மரமோ மிக உயர்ந்து வளரும்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, ஆலயங்கள் இடம்பெயர்வதை நாம் கண்டு வருகிறோம். நிலம் உறுதியாகாத இடத்தில் நட்டால், பூக்கும் பருவத்தில் மரத்தை இழக்க நேரிடும். முதலில் ஆலய நிலத்துக்குப் பட்டா, பின்னரே நாகலிங்கம். இடம் குறுகலாயின் பவழமல்லி போதும். இறைவன் அதையும் ஏற்றருள்வான்.

இடமும் நிலமும் அமைந்த ஆலயத்தில் அன்பர் ஒருவர் இன்று நடும் கன்று, அவர் பேரப்பிள்ளைகள் கையால் இறைவன் திருவடிக்கு மலர் சேர்க்கும். அதனினும் மேலான திருப்பணி வேறு உண்டோ!